நெடில் எழுத்துப் பயிற்சி

தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு நெட்டெழுத்துகளின் ஒலியையும் வரிவடிவத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் முறை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை. இந்த அளவைக் காதால் உணர்ந்த பிறகே வடிவத்துக்குப் போவது நல்லது. கல்–கால், விடு–வீடு, முடி–மூடி, கொடு–கோடு போன்ற இணைகளைச் சொல்லி, கைதட்டி, மணலில் விரலால் எழுதிப் பழகும்போது பொருள் மாறுவது குழந்தைக்கு உடனே புலப்படுகிறது.

ஏகார ஓகார வடிவங்களின் வரலாறு அரியலூர் மாவட்டத்தோடு தொடர்புடையது. தொல்காப்பியம் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கச் சொன்னது. ஓலையில் புள்ளி பெரும்பாலும் விடுபட்டதால் ‘கெ’, ‘கே’ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பைத் தந்து இக்குழப்பத்தைத் தீர்த்த பெருமை அம்மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவருக்கு (1680–1747) உரியதாகக் கூறப்படுகிறது. இன்றைய சிறுவர்கள் தடுமாறாமல் படிப்பதற்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

எஞ்சிய சிக்கல் ஊகாரம். ‘கூ’, ‘பூ’, ‘மூ’, ‘தூ’ நான்கும் நான்கு வடிவம். எனவே தூ, நூ, லூ என ஒத்த வடிவங்களைத் தொகுத்துக் கற்பிப்பது பயன் தரும். அதற்கு ஊர்ப்பெயர்களே போதும்: பெரம்பலூர், அரியலூர், ஆலத்தூர். வேப்பூரில் ஏகாரமும் ஊகாரமும் சேர்ந்தே வருகின்றன. ஒகரத்தையும் ஓகாரத்தையும் ஒப்பிட, கங்கைகொண்ட சோழபுரத்தில் ‘கொ’வும் ‘சோ’வும் அடுத்தடுத்த சொற்களில் நிற்கின்றன.

ஆகாரத்தைப் பொறுத்தவரை, 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா ஆகியவற்றின் தனி வடிவங்களை நீக்கிப் பொதுவான துணைக்காலைத் தந்தது.