மண்ணெண்ணெய்க் கார்களின் காலம்

கனடாவில் வாழும் என் மைத்துனர் ஆண்டுதோறும் ஏப்பிரல் மாதத்தில் தொலைபேசியில் ஒரே செய்தியைச் சொல்வார். பனிக்காலம் முழுவதும் போர்வை போர்த்தி நிறுத்தியிருந்த தமது பழைய காரை மீண்டும் வீதிக்கு எடுத்துவிட்டார் என்பதே அது. பற்றரியைக் கழற்றி வீட்டினுள் வைத்ததையும், ரயர்களுக்குக் கூடுதலாகக் காற்று நிரப்பியதையும், ஓயில் மாற்றியதையும் ஒன்றுவிடாமல் விவரிப்பார். பனியே இல்லாத கொச்சிக்கடையில் இருந்துகொண்டு அதை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் கார்களை உறங்கவைத்த காலங்கள் நமக்கும் உண்டு. அவற்றை வானிலை கொண்டுவரவில்லை.

2022 ஆம் ஆண்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நியச் செலாவணி தீர்ந்து, ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. வரிசைகளில் நாட்கணக்கில் கிடந்து சலித்தவர்கள் கார்களை ஒழுங்கைகளில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். கியூ.ஆர். அட்டை முறை வந்து எங்கள் முறைக்குப் பெற்றோல் கிடைத்தபோது, என் சிறிய ஜப்பானியக் கார் அசைய மறுத்தது. ஓடாமல் நின்றாலும் இக்காலக் கார்களின் மின்சுற்றுகள் பற்றரியைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பஞ்சிகாவத்தையில் இருந்து வந்த முதிய மெக்கானிக் யாழ்ப்பாணத்தவர். பற்றரியை மாற்றிவிட்டு, "ஐயா, இஞ்ச ரெண்டு மாசத்துக்கே இப்பிடி அழுகினம். நாங்கள் அஞ்சு வருசம் மண்ணெண்ணெயில ஓடினனாங்கள்" என்றார். அருகில் நின்ற இளைஞர்கள் அவர் கதை அளக்கிறார் என்று எண்ணிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாய்மாமனின் கார் நினைவுக்கு வந்தது.

மாமா யாழ்ப்பாணத்தில் வாடகைக்கார் ஓட்டியவர். அவருடையது 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ40 சோமசெற். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், வடக்கிற்குப் பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் முதலியன செல்வதற்குத் தடை வந்தது. மின்சாரமும் நின்றது. தாங்கியில் இருந்த கடைசிப் பெற்றோல் தீர்ந்ததும் மாமா காரைக் கொட்டிலில் நிறுத்திக் கிடுகால் மூடினார். குடாநாடெங்கும் அவ்வாறே கார்கள் உறங்கின.

அவற்றை எழுப்பியது மண்ணெண்ணெய். விளக்கிற்கும் அடுப்பிற்குமாக மட்டுப்படுத்தப்பட்ட அளவில் அது வந்துகொண்டிருந்தது. 1994 இல் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து யாழ்ப்பாணம் சென்றபோது, அந்தக் காரில் நான் பயணம் செய்தேன். சூப்பிப்போத்தல் ஒன்றில் மாமா சிறிதளவு பெற்றோலைப் பொன்போல வைத்திருந்தார். காபரேற்றரில் சில துளிகள் விட்டு, முன்புறம் ஹாண்டிலைப் போட்டுச் சுழற்றுவார். இயந்திரம் பெற்றோலில் பற்றிச் சூடேறியதும் மண்ணெண்ணெய் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். வெண்புகை கிளம்பும், கண் எரியும், ஏற்றத்தில் இழுவை குறையும். ஆனால் கார் ஓடியது. இரவில் பிரசவ வேதனைப்பட்ட பெண்களை அது வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தது.

இதில் மந்திரம் எதுவுமில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே தொடக்கத்திற்குப் பெற்றோல் வேண்டும். கடுமையாக அழுத்தினால் அது முறையின்றி வெடித்து இயந்திரத்தைத் தட்டும். ஏ40 போன்ற பழைய இயந்திரங்களின் அழுத்த விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்றாகவே இருந்ததால் அவை தாங்கிக்கொண்டன. இங்கிலாந்தில் 1940களின் இறுதியில் வந்த பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே தத்துவத்தில் இயங்கியது: பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றப்பட்டது. நம் கடற்றொழிலாளரின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுவதை முகத்துவாரத்தில் எவரும் காணலாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாக ஏறியபோது முதலில் கரையில் நின்றவை அவர்களுடைய படகுகளே. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் நூல் படித்து இதைச் செய்யவில்லை. இயந்திரத்தைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள்.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களின் ஓரமாக இறங்கி ஓயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஓயிலை அடிக்கடி மாற்றவேண்டும். மாற்றுவதற்கு ஓயில் கிடைப்பதில்லை. "இது தன்ர இரத்தத்தைத் தானே குடிச்சு ஓடுது" என்பார் மாமா.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, அந்தக் கார் என் பாட்டியையும் அயலார் ஐவரையும் சுமந்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கொடிகாமத்தை அடைந்த மறுநாள் அது நின்றுபோனது. 1996 இல் மாமா வீடு திரும்பினார், கார் திரும்பவில்லை. உறவினர் வளவில் ஒரு மாமரத்தின் கீழ் கிடந்தது. 2000 ஆம் ஆண்டுப் போரில் தென்மராட்சி சிதைந்தபோது ஷெல் சிதறல் ஒன்று அதன் மட்காட்டைத் துளைத்தது.

2002 இல் போர்நிறுத்தம் வந்து, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. மாமா எனக்கு ஒரு பட்டியலை எழுதி அனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு கொச்சிக்கடையில் இருந்து பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். ஐம்பது வயதுக் காருக்கும் அங்கே உதிரிப்பாகம் கிடைக்கும் என்பது கொழும்பு அறிந்த செய்தி. பிளக்குகள், பொயின்ற், பிரேக் சிலிண்டர் ரப்பர்கள், றேடியேற்றர் குழாய், பற்றரி ஆகியவற்றை இரண்டு நாள் அலைந்து சேர்த்தேன். ஓமந்தையிலும் முகமாலையிலும் பெட்டியைத் திறந்து காட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மாமா அவசரப்படவில்லை. பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் ஓயில் ஊற்றி, மூன்று நாள் ஊறவிட்டார். இறுகிய இயந்திரத்தை முதல்நாளே பலமாகச் சுழற்றினால் வளையங்கள் உடையும் என்றார். தாங்கியைக் கழற்றி உள்ளே கூழாங்கற்களைப் போட்டு, துரு உதிரும்வரை குலுக்கினார். காபரேற்றரில் பிசினாக உறைந்திருந்த கசட்டைக் கழுவினார். இருக்கையின் உள்ளே எலிகள் கூடு கட்டியிருந்தன. நான்காம் நாள் ஹாண்டில் கால்வட்டம் அசைந்தது. மாலையில் முழுவட்டம் சுற்றியது. ஆறாம் நாள் புதுப் பெற்றோலில் இயந்திரம் இருமிக்கொண்டு உயிர்த்தது. மாமா பின்னால் சென்று புகைக்குழாயைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். "புகை வெள்ளையாய் இல்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பும்போது பின்பெட்டியில் பழைய மண்ணெண்ணெய்க் கலன் கிடந்ததைக் கண்டு, இனி இது எதற்கு, எறிந்துவிடலாமே என்றேன். "பாதை திறந்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். 2006 ஓகஸ்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது. பத்திரிகையாளன் நான், அரசியல் ஆய்வுகள் பல எழுதியவன். அந்தக் கலன் அறிந்திருந்ததை நான் அறிந்திருக்கவில்லை.

மாமா 2011 இல் காலமானார். அக்காலத்தில் பேச்சுவார்த்தைகள் பற்றியும் அமைச்சர்கள் பற்றியும் பத்தி பத்தியாக எழுதிய நான், மண்ணெண்ணெய்க் கார்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதனால்தான் 2022 இல் கொழும்பு இளைஞர்கள் அந்த முதியவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரே நாட்டின் வடக்கில் ஐந்து ஆண்டுகள் நடந்தது தெற்கில் கட்டுக்கதையாக ஒலித்தது. அந்தக் கார்களை எழுப்பிய கைகள் இப்போது முதுமையில் நடுங்குகின்றன. உங்கள் வீட்டிலும் அப்படியொரு கார் இருந்திருந்தால், அதை ஓட்டியவரிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.