ஆற்றுக்குக் காவலாக வந்த சட்டம்

திருவரங்கத்தைத் தழுவியோடும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் சட்டம் காவலாக வந்தது வெகு தாமதமாகத்தான். 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் பொது ஊற்றையும் நீர்த்தேக்கத்தையும் அசுத்தப்படுத்துவதைக் குற்றமென்றது. ஆற்றைப் பெயர் சொல்லவில்லை. அச்சட்டத்தில் உச்ச அபராதம் 500 ரூபாயாக இருந்தது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல்தான் பிறந்தது. ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெருமாசுத் தொழில்கள் கூடாதெனத் தமிழக அரசு 1989-இல் ஆணையிட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, திருச்சி உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது உச்ச நீதிமன்றம். தொகையினும் பெரிது அத்தீர்ப்பு வகுத்த நெறி: தன் செயலால் தீங்கில்லை என மெய்ப்பிப்பது தொழில் நடத்துபவரின் கடமை. கெட்ட கிணற்றுநீரைக் குடித்தவனே சாட்சியும் தேட வேண்டியதில்லை என்பதை இவ்வரலாற்றின் திருப்பமாக நாம் கொள்கிறோம்.