சிங்கப்பூரில் கட்டடக் கலைஞர்களின் தொடர்கல்வி

சிங்கப்பூரில் தொழில் நடத்தும் கட்டடக் கலைஞருக்குப் படிப்பு பட்டத்தோடு முடிவதில்லை. கட்டடக் கலைஞர் வாரியம் வழங்கும் தொழிற்சான்றிதழ் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகும். அதைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர் உரிய தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்த்திருக்க வேண்டும். பயிலரங்கு, தொழில்நுட்ப உரை, மாநாடு, கட்டுமானத் தளத்தைச் சென்று பார்ப்பது எனப் பல வழிகளில் புள்ளி சேரும். தொழிலில் இருப்பவர்கள் வாயில் இது ‘சிபிடி’. வாரியத்தோடு இதில் கைகோப்பது சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் கழகம். 1923இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் வழிவந்த இக்கழகம் 1963இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நீல் சாலையின் பழைய கடைவீடுகளில் பல ஆண்டுகள் அதன் அலுவலகம் இருந்தது.

புள்ளிக் கணக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் அலுவலகச் சடங்காகத் தோன்றலாம். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு கையெழுத்து. கட்டடத் திட்டத்தை ஆணையங்களிடம் சமர்ப்பிக்கும் கட்டடக் கலைஞரைச் சட்டம் ‘தகுதிபெற்றவர்’ என்கிறது. தளத்தில் அவரைக் ‘கியூபி’ என்பார்கள். வரைபடம் விதிகளுக்கு உட்பட்டதுதான் என்று அவர் தம் சொந்தப் பெயரில் உறுதி தருகிறார். போன மாதம் மாறிய விதி இந்த மாதம் அவருக்குத் தெரியாமல் இருந்தால், அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தொடர்கல்வியின் பொருள் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்குமிடம்

லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கே நடந்தால், வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி ஓவன் சாலை முனைக்கு வரலாம். அங்கே ஹோட்டல் நியூ வோர்ல்ட் என்ற ஆறு மாடிக் கட்டடம் இருந்தது. கட்டி முடித்தது 1971இல். கீழ்த்தளத்தில் ஒரு வங்கிக் கிளை, அதன் மேலே இரவு விடுதி, அதற்கும் மேலே தங்கும் அறைகள். 1986 மார்ச் 15, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன் அது ஒரு நிமிடத்துக்குள் இடிந்து அமர்ந்தது. 33 பேர் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். அப்போது பெருவிரைவு ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்கள் ஓடிவந்து, இடிபாட்டுக்கு அடியில் வழி குடைந்து உதவினார்கள்.

எரிவாயு வெடித்திருக்கும் என்றுதான் முதலில் பலர் நினைத்தார்கள். விசாரணை வேறொன்றைக் காட்டியது. கட்டடம் தாங்க வேண்டிய சுமையைக் கணக்கிட்டபோது, கட்டடத்தின் சொந்த எடையே விட்டுப்போயிருந்தது. கணக்குப் போட்டவர் தகுதிபெற்ற பொறியாளர் அல்லர், ஒரு வரைவாளர். பின்னாளில் வங்கிப் பெட்டகமும் குளிரூட்டும் கருவிகளும் சுவர் ஓடுகளும் சேர்ந்து சுமையைக் கூட்டின. அவை சேராதிருந்தாலும் அந்தத் தூண்கள் நிலைத்திருக்கப் போவதில்லை.

இந்த விபத்திலிருந்துதான் தொடர்கல்வி பிறந்தது என்று சொல்வது மிகையாகும். ஆனால் இன்று வகுப்பறையில் கற்பிக்கப்படும் விதிகளில் பல அந்த முனையிலிருந்து தொடங்குகின்றன. 1989ஆம் ஆண்டின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், கட்டமைப்பு வடிவத்தை அங்கீகாரம் பெற்ற வேறொரு பொறியாளர் தனியே சரிபார்க்க வேண்டும் என்றது. குடியிருப்பல்லாத கட்டடங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் குடியிருப்புகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும் என்றும் விதித்தது. 2022 முதல் வெளிச்சுவருக்கும் தவணை வந்திருக்கிறது. 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள கட்டடங்களின் முகப்பை ஏழாண்டுக்கு ஒருமுறை ஆராய வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குக் கண்டு பழகிய சமூகத்துக்கு, கட்டடத்துக்கும் தவணை உண்டு என்பது புதுச் செய்தியன்று.

மாறிக்கொண்டே இருக்கும் விதிகள்

ஒரு கட்டடத்துக்கு அனுமதி தருவது ஒரே அலுவலகம் அன்று. நில உபயோகத்துக்கு நகர மறுசீரமைப்பு ஆணையம், கட்டுமானத்துக்குக் கட்டட, கட்டுமான ஆணையம், தீப்பாதுகாப்புக்குக் குடிமைத் தற்காப்புப் படை, சாலைக்கு நிலப் போக்குவரத்து ஆணையம், மரங்களுக்குத் தேசியப் பூங்காக் கழகம் என ஒவ்வொன்றுக்கும் தனி விதிநூல். அவையும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். தீப்பாதுகாப்பு விதிநூல் 2013, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகளாக வந்தது. 1990இல் முதலில் வந்த தடையற்ற அணுகல் விதிநூலும் அப்படியே பலமுறை விரிந்தது. வடிவமைக்கும்போதே தொழிலாளரின் பாதுகாப்பை எண்ணிப் பார்க்கச் சொல்லும் விதிகள் 2016 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ளன. ஒரு கோடி வெள்ளிக்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள திட்டங்களுக்கு அவை பொருந்தும். கண்ணாடியைத் துடைக்கப்போகிறவர் எங்கே நின்று துடைப்பார் என்பதைக் கோடு போடும்போதே கேட்க வேண்டிய நிலை இப்படி வந்தது. தொடர்கல்வி கற்றுத்தரும் கேள்விகளில் இதைவிட நல்லது வேறில்லை.

அண்மைக் காலத்தில் மிகுதியாக வகுப்புகளை நிரப்பியவை இரண்டு. முதலாவது தளப்பரப்பு. நெடுங்காலமாக வெவ்வேறு ஆணையங்கள் பரப்பை வெவ்வேறு விதமாக அளந்தன. 2023 ஜூன் 1 முதல் எல்லாருக்கும் ஒரே அளவு; வெளிச்சுவரின் நடுக்கோடு வரை அளக்க வேண்டும். இரண்டாவது கோர்நெட் எக்ஸ் என்னும் இணையவழிச் சமர்ப்பிப்பு முறை. ஏறத்தாழ 20 தனித்தனி அனுமதிக் கட்டங்களை மூன்று முக்கிய வாயில்களாக அது சுருக்குகிறது. கட்டடக் கலைஞரும் பொறியாளர்களும் தனித்தனிப் படங்களை அனுப்பிய காலம் போய், எல்லாரும் சேர்ந்து உருவாக்கிய ஒரே முப்பரிமாண மாதிரியை அனுப்ப வேண்டும். சிங்கப்பூருக்கென வகுத்த ஐஎஃப்சி-எஸ்ஜி வடிவத்தில் அது இருக்க வேண்டும். மென்பொருளைக் கற்பது இதில் எளிய பகுதி. குளிரூட்டிக் குழாய் எந்த உத்தரத்தின் மேல் மோதுகிறது என்பதைக் கடைசியில் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்தை விடுவதுதான் கடினம்.

ஒரு கடைவீட்டின் பாடம்

லிட்டில் இந்தியா 1989 ஜூலையில் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகியவையும் அதே சமயத்தில் அறிவிக்கப்பட்டன. இப்போது நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்பில் உள்ளன. இயன்றவரை தக்கவைத்தல், உணர்ந்து மீட்டெடுத்தல், கவனத்தோடு பழுதுபார்த்தல் என்ற மூன்றும் அடிப்படை நெறி. கேட்க எளிது. வரலாற்று வட்டாரமாகிய லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டுக்குள் நுழைந்தால் அதன் கனம் தெரியும்.

முதலில் ஐந்தடிப் பாதை. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், கடைகளின் முன்னால் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டளை இருந்தது. இன்று அந்தப் பாதையின் மட்டம் கடைக்குக் கடை மாறுகிறது. ஒரு படி மேலே, அரைப் படி கீழே. சக்கர நாற்காலியில் வருபவர் பூச்சரக் கடையிலிருந்து அடுத்த துணிக்கடைக்குப் போக முடியாது. சாய்தளம் வைத்தால் நடைவழி குறுகும். வைக்காவிட்டால் ஒருவர் வெளியே நிற்பார்.

உள்ளே மரத்தளம். அதைத் தாங்கும் மரவுத்தரங்களைக் காக்கச் சொல்கிறது பாதுகாப்பு விதி. கீழே சமையல் நடக்கும் உணவகம், மேலே ஆட்கள் இருந்தால், இரண்டுக்கும் நடுவே தீ பரவாத தடுப்பு வேண்டும் என்கிறது தீ விதி. உத்தரங்களின் அடியில் தீத்தடுப்புப் பலகை பொருத்துவது வழக்கமான தீர்வு. ஆனால் பலகைக்கு மேலே மறைந்த மரத்தில் கறையான் ஏறினால் யாருக்கும் தெரியாது. இரண்டு விதியையும் அறிந்தவரே மூன்றாவதாக வரும் இந்தச் சிக்கலைப் பார்ப்பார்.

நடுவில் வானம் பார்த்த முற்றம். செட்டிநாட்டு வீடு தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீளமான, குறுகலான, இரு பக்கமும் பொதுச்சுவர் கொண்ட வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வருவது இந்த வழியாகத்தான். பல கடைவீடுகளில் இடம் போதவில்லை என்று இதைக் கூரையிட்டு மூடினார்கள்; பிறகு பகலிலும் விளக்கு, எந்நேரமும் குளிரூட்டி. குளிரூட்டியின் வெளிக்கருவியை முகப்பில் தொங்கவிட விதி இடம் தராது, பின்சந்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மேலே பழைய வடிவிலான, மெருகிடாத களிமண் ஓடுகள்.

அருகிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் 1978 முதல் தேசிய நினைவுச்சின்னம். 2018 ஏப்ரல் 22இல் அதன் குடமுழுக்கு நடந்தது. இத்தகைய கோயில்களின் திருப்பணிக்குத் தமிழகத்திலிருந்து சிற்பிகள் வருகிறார்கள். அவர்களுடைய கல்வி குருவிடம் கைப்பழக்கமாகப் பெற்றது. அனுமதிக்கான படங்களில் கையெழுத்திடுபவரோ உள்ளூரில் பதிவுபெற்றவர். இருவரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் அந்தச் சாரத்தடிக்கு எந்த வகுப்பும் ஈடில்லை.

பசுமை

கட்டட, கட்டுமான ஆணையத்தின் ‘கிரீன் மார்க்’ தரச்சான்று 2005இல் தொடங்கியது. 2008 முதல் குறைந்தபட்சப் பசுமைத் தரம் கட்டாயமானது. 2021இல் வெளியான பசுமைக் கட்டடப் பெருந்திட்டம் 2030க்கு மூன்று ‘எண்பது’ இலக்குகளை வைத்தது. தளப்பரப்பில் 80 விழுக்காட்டுக் கட்டடங்கள் பசுமையாக வேண்டும். புதிய கட்டடங்களில் 80 விழுக்காடு மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்க வேண்டும். தலைசிறந்த கட்டடங்கள் 2005ஆம் ஆண்டு நிலையைவிட 80 விழுக்காடு சிக்கனம் காட்ட வேண்டும். பிராடல் சாலையில் ஆணையத்தின் கல்விக்கழக வளாகத்திலுள்ள ஒரு பழைய கட்டடம், ஆண்டு முழுவதும் செலவழிக்கும் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்யும்படி 2009இல் மாற்றியமைக்கப்பட்டது. பாடம் நடக்கும் இடமே பாடமாக நிற்கிறது.

கிரீன் மார்க்கின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு, கட்டடத்தின் முழு ஆயுளிலும் வெளியாகும் கரிமத்தைக் கணக்கில் சேர்த்தது. இது பழைய வட்டாரங்களுக்குச் சாதகமான திருப்பம். ஏற்கெனவே நிற்கும் செங்கல்லுக்கும் மரத்துக்கும் உரிய கரிமம் என்றோ செலவாகிவிட்டது. இடித்துக் கட்டினால் மறுபடியும் செலவாகும். பாதுகாப்பும் பசுமையும் தனித்தனி வகுப்புகளாக நடப்பதை நிறுத்தி ஒன்றாக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

சந்தை

கட்டடக் கலைஞருக்குச் சந்தை நிலவரம் எதற்கு என்று கேட்பவர்கள் தளப்பரப்பு விதியைத் திரும்பிப் பார்க்கலாம். முன்பெல்லாம் அடுக்குமாடி வீடுகளில் குளிரூட்டித் திண்ணையும் உயரமான கூடத்தின் வெற்றுவெளியும் விற்பனைப் பரப்பில் சேர்ந்தன; நிற்க முடியாத இடத்துக்கும் வீடு வாங்குபவர் பணம் கொடுத்தார். அளவு ஒன்றானதும் வெற்றுவெளி கணக்கிலிருந்து போனது, திண்ணையைப் பெரிதாக்கி விற்பதில் லாபம் இல்லாமல் ஆயிற்று, வீட்டின் வரைபடமே மாறியது. மாடம் பெருத்ததற்கும் பின்னர் சிறுத்ததற்கும் இதே கதைதான். கூடுதலாகத் தரப்படும் மாடப் பரப்பின் வரம்பு 2019 ஜனவரியில் 10 விழுக்காட்டிலிருந்து 7ஆகக் குறைந்தது.

பெரிய எடுத்துக்காட்டு கோல்டன் மைல் காம்பிளெக்ஸ். பீச் ரோட்டில் 1973இல் எழுந்த அந்தக் கட்டடம் 2021 அக்டோபரில் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வாங்குபவருக்குக் கூடுதல் கட்டுமானப் பரப்பு உள்ளிட்ட சலுகைகள் தரப்பட்டன. 2022இல் அது 70 கோடி வெள்ளிக்கு விலைபோனது. அதே தலைமுறையைச் சேர்ந்த பேர்ல் பேங்க் குடியிருப்பு 2018இல் 72.8 கோடி வெள்ளிக்கு விற்கப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. ஒன்றைக் காப்பாற்றியது அழகு பற்றிய வாதம் மட்டுமன்று, கணக்கு ஒத்துவந்ததும்தான். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த கட்டடக் கலைஞர் இன்னும் பல கட்டடங்களைக் காப்பாற்ற முடியும்.

ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் கட்டட, கட்டுமான ஆணையம் கட்டுமானத் தேவை பற்றிய மதிப்பீட்டை வெளியிடுகிறது. 2025க்கு அது 47 முதல் 53 பில்லியன் வெள்ளி. சாங்கி ஐந்தாம் முனையம் போன்ற பெருந்திட்டங்களே காரணம். சிறிய அலுவலகங்களுக்கு இந்தத் தொகையில் கிடைப்பது சிறு பங்கே.

பிற நாடுகளும் குறைகளும்

பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகம் உறுப்பினரிடம் ஆண்டுக்கு 35 மணி நேரக் கல்வியை எதிர்பார்க்கிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 18 கற்றல் அலகுகளைக் கேட்கிறது. அவற்றில் 12 உடல்நலம், பாதுகாப்பு, பொதுநலன் சார்ந்தவை. தமிழ்நாட்டில் 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சென்னையிலும் மதுரையிலும் உள்ளவர்களை மறுபடி விதிநூலைப் புரட்ட வைத்தன.

புள்ளி முறையில் குறையும் உண்டு. அது கற்றதை அளப்பதில்லை, வந்து உட்கார்ந்ததை அளக்கிறது. கேள்வி கேட்டவருக்கும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் ஒரே புள்ளி. ஆண்டு முடியும் மாதங்களில் எது கிடைத்தாலும் சரி என்று வகுப்புத் தேடும் பழக்கமும் இங்கிருந்தே வருகிறது. கட்டணமும் நேரமும் பெரிய நிறுவனத்துக்குச் சுமையில்லை. கடைவீட்டின் மாடியில் ஒருவரோ இருவரோ நடத்தும் அலுவலகத்துக்கு ஒரு நாள் வகுப்பு என்பது ஒரு நாள் வேலை நிற்பது.

கோர்நெட் எக்ஸின் கால அட்டவணை இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய திட்டங்களுக்கு அது கட்டாயம். 2026 அக்டோபர் 1 முதல் அளவு எதுவானாலும் எல்லாப் புதிய திட்டங்களுக்கும். 2027 அக்டோபர் 1க்குள் நடப்பிலுள்ள திட்டங்களும் மாறிவிட வேண்டும்.