குவியலை அளப்பவர்களும் சுமப்பவர்களும்

மரக்காணத்துக்கு ‘கமிஷனர்’ என்ற சொல் உப்போடு வந்தது. வெள்ளைக்கார ஆட்சி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட பிறகு, எவ்வளவு விளைந்தது, எவ்வளவு வரி சேர வேண்டும் என்று கணக்குப் பார்க்க ஒரு துறை உருவானது; அதற்குத் தலைமையாக ஒரு கமிஷனர் அமர்ந்தார். 1947இல் உப்பு வரி ஒழிந்தது. உப்புக் கமிஷனர் பதவி ஒழியவில்லை.

அந்த உப்பளங்களில் தலைச்சுமையாக உப்பு சுமக்கும் ஒருவரின் மகள் என் மாணவி. வேகப்பந்து வீசுவாள். ‘விளையாட்டு உலகின் சிறந்த கமிஷனர் யார், மோசமானவர் யார்?’ என்ற தலைப்பில் பேச்சுப்போட்டிக்கு எழுதி, என்னிடம் காட்ட வந்தாள். அவள் பட்டியலில் முதலிடம் ஐபிஎல்லின் முதல் தலைவரும் கமிஷனருமான லலித் மோடிக்கு. “எவ்ளோ பணம் கொண்டாந்தாரு பாருங்க மேடம்” என்றாள்.

“உங்க அம்மா உப்பள முதலாளியை எதை வச்சு நல்லவர்னு சொல்லுவாங்க? குவியல் எவ்வளவு உயரம்னு பார்த்தா?” என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். “அத எங்கம்மா பாக்காது மேடம். கூலிய அன்னன்னிக்கே தராரா, நிக்க நெழல் இருக்கா, குடிக்கத் தண்ணி இருக்கா, அதத்தான் பாக்கும். அதுவும் அப்பாவுக்கு ஒரு கூலி, அம்மாவுக்கு அதவிடக் கம்மி.”

நிர்வாகிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் குவியலை அளந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். சுமந்தவர்களின் அளவுகோலை வைத்தால் வரிசை மாறுகிறது. இருவருமாக உட்கார்ந்து அந்த வரிசையைத் திருத்தினோம்.

இந்தப் பதவி பிறந்தது அமெரிக்க பேஸ்பாலில். 1919இல் நடந்த சூதாட்ட ஊழலுக்குப் பிறகு, விளையாட்டைச் சுத்தப்படுத்தவென்று கெனசா மவுன்டன் லாண்டிஸ் என்ற நீதிபதியை 1920இல் முதல் கமிஷனராக்கினார்கள். நீதிமன்றம் விடுவித்த எட்டு ஆட்டக்காரர்களையும் அவர் நிரந்தரமாக விலக்கினார். நேர்மையின் சின்னம் என்று அவர் பெயரில் விருதே இருந்தது. ஆனால் 1944இல் அவர் இறக்கும்வரை மேல்நிலைப் போட்டிகளில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இறங்கவில்லை. ஜாக்கி ராபின்சன் களம் கண்டது 1947இல், அடுத்த கமிஷனரின் காலத்தில். 2020இல் பேஸ்பால் எழுத்தாளர்கள் வாக்களித்து லாண்டிஸின் பெயரை விருதிலிருந்து நீக்கினார்கள். ஒரு தீர்ப்பைத் திருத்த நூறு வருடம் ஆகியிருக்கிறது.

பெண்களுக்கான கதவும் அங்கே மூடியே கிடந்தது. 1952இல் ஹாரிஸ்பர்க் அணி எலினார் எங்கிள் என்ற சுருக்கெழுத்தரை ஆட்டக்காரராக ஒப்பந்தம் செய்தது. கீழ்நிலைப் போட்டிகளின் தலைவர் ஜார்ஜ் ட்ராட்மன் அதை ரத்து செய்தார். கமிஷனர் ஃபோர்டு ஃபிரிக் அவர் பக்கம் நின்றார். கூடைப்பந்தில் 1984இல் கமிஷனரான டேவிட் ஸ்டெர்ன், தன் அமைப்பின் பணத்தையும் அரங்குகளையும் கொண்டு 1997இல் பெண்கள் தொடரைத் தொடங்க வழிசெய்தார். அங்கும் சம்பளம் ஆண்களுடையதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் கதவு திறந்தது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973இல் லக்னோவில் பதிவானது. மகேந்திர குமார் சர்மா அதன் நிறுவனச் செயலாளர். பணமில்லாத சங்கம். முன்பதிவில்லாத ரயில் பெட்டிகளில் போனதையும், கூடங்களில் தரையில் படுத்ததையும் சென்னையில் பிறந்த முன்னாள் தலைவி சாந்தா ரங்கசாமி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சங்கம்தான் 1976இல் பெண்களை முதல் டெஸ்டில் இறக்கியது. 1978இல் உலகக் கோப்பையை இந்தியாவில் நடத்தியது. அதன் காலத்திலும் தொய்வு உண்டு. 1986க்கும் 1991க்கும் இடையே ஒரு டெஸ்டும் இல்லை. 1988 உலகக் கோப்பைக்கு அணி போகவில்லை. இருந்தும் முப்பது ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட டெஸ்டுகள் நடந்தன.

2006இல் அந்தச் சங்கம் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தோடு இணைந்தது. உலகிலேயே பணக்கார வாரியம். இனி விடிவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது என்ன? 2006 ஆகஸ்டுக்குப் பிறகு, 2014 ஆகஸ்டு வரை எட்டு ஆண்டுகள் இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. வாரியத்தில் பணம் வந்து குவிந்த எட்டு ஆண்டுகள் அவை. 2008 ஜனவரியில் எட்டு ஐபிஎல் அணிகள் 72 கோடி டாலருக்கு மேல் விலைபோயின. லலித் மோடி நடத்திய மூன்று பருவங்களிலும் பெண்களுக்கென்று ஓர் அணி இல்லை. எல்லைக்கோட்டருகே ஆடி உற்சாகமூட்டும் வேலைக்கு மட்டும் பெண்கள் அழைக்கப்பட்டார்கள். 2010இல் அவர் இடைநீக்கம் செய்யப்பட்டதும், 2013இல் வாரியம் வாழ்நாள் தடை விதித்ததும் நிதிப் புகார்களின் பேரில். பெண்களை மறந்ததற்காக எந்த விசாரணையும் நடக்கவில்லை. அது குற்றமாகவே யாருக்கும் படவில்லை.

ஆண்டு ஒப்பந்தம் பெண்களுக்கு வந்தது 2015இல். 2017இல் உச்ச நீதிமன்றம் வாரியத்தை நடத்த நியமித்த நால்வர் குழுவில் முன்னாள் தலைவி டயானா எடுல்ஜி இருந்தார். 2018இல் ஒரே ஓர் ஐபிஎல் காட்சி ஆட்டம் பெண்களுக்குக் கிடைத்தது. 2022 அக்டோபரில், ஜெய் ஷா செயலாளராக இருந்தபோது, இருபாலருக்கும் சமமான ஆட்டக் கட்டணம் அறிவிக்கப்பட்டது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவருக்கு 3 லட்சம். 2023இல் பெண்கள் பிரீமியர் லீக் தொடங்கியது. இவற்றுக்குரிய பெயரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது, அந்தத் தாமதமான கதவுகளுக்கும் அதில் பங்கிருந்தது.

ஆனால் என் மாணவியின் அம்மாவைப் போலக் கூலியை எண்ணிப் பார்த்தோம். டெஸ்டுக்குச் சமக் கட்டணம் என்றாலும் பெண்களுக்கு டெஸ்டே அபூர்வம். அதே 2022-23இல் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சத் தொகை 7 கோடி; பெண்களுடையது 50 லட்சம். பெண்கள் லீக்கில் ஐந்து அணிகள். ஆண்கள் அணி ஐந்து முறை கோப்பை வென்ற சென்னைக்கு அதில் இடமில்லை. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் எட்டிவிடக்கூடிய நகரத்தில் என் மாணவி கனவு காண ஒரு சட்டை இல்லை.

போட்டியில் அவள் பேசினாள். பட்டியலில் லலித் மோடியைக் கீழே இறக்கியிருந்தாள். முதலிடத்தில், கமிஷனர் என்ற பட்டமே இல்லாத, பணமே இல்லாத அந்தப் பழைய சங்கத்தை வைத்திருந்தாள். பரிசு கிடைக்கவில்லை. தலைப்பை விட்டு விலகிவிட்டாள் என்றார்களாம்.

மறுநாள் வந்து சொன்னாள்: “வீட்ல பேசிக் காட்டுனேன் மேடம். எல்லாத்தையும் கேட்டுட்டு எங்கம்மா ஒன்னே ஒன்னு கேட்டுச்சு. ‘இதுல பொம்பள கமிஷனரு யாருன்னு சொல்லவே இல்லியே’ன்னு.”

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்துக்கு 2019இல் கமிஷனரான கேத்தி எங்கல்பர்ட்டின் பெயரைச் சொன்னேன். எடுல்ஜியை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர்கள் வரிசையை முதலிலிருந்து சேர்ந்து படித்தோம். 1928இலிருந்து இன்றுவரை அதில் ஒரு பெண் பெயரும் இல்லை. அவள் அதையும் குறித்துக்கொண்டு போனாள், அம்மாவிடம் சொல்ல.