பெரியப்பாவின் மொறிஸ் மைனருக்கு எந்தக் காம்சாஃப்ட்?

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, பெரியப்பாவின் மொறிஸ் மைனரில் அப்பம்மாவும் நாங்கள் ஆறு பிள்ளைகளும் இருந்தோம். நாவற்குழிப் பாலத்தில் நடப்பவர்களின் வேகத்திலேயே கார் ஊர்ந்தது. எனக்கு இன்றும் நினைவிலிருப்பது மண்ணெண்ணெய் மணம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் அப்படித்தான் ஓடின. சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

பெரியப்பா இப்போது இல்லை. லண்டனில் இருக்கும் அவருடைய மகன், எங்கள் பெரியண்ணா, அந்தக் காரைத் திருத்தி வேகமாக ஓட வைக்க விரும்பினார். "286 காம்சாஃப்ட் ஒண்டு வாங்கி அனுப்பிறன், பூட்டிவிடு" என்றார். பூட்டலாமா என்று கேட்கக் கொக்குவிலில் உள்ள பழைய மெக்கானிக் ஐயாவிடம் போனேன். அங்கே கற்றதையும் பிறகு தேடி அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பும் உதிரிப்பாகங்களோடு பழைய கார்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் பலருக்கு இது உதவலாம்.

காம்சாஃப்ட் செய்யும் வேலை

கிராங் இரண்டு முறை சுழலும்போது காம்சாஃப்ட் ஒரு முறை சுழல்கிறது. அதிலுள்ள முட்டை வடிவ மேடுகள் வால்வுகளை எப்போது திறப்பது, எவ்வளவு உயர்த்துவது, எவ்வளவு நேரம் திறந்து வைத்திருப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தைக் கிராங்கின் பாகையில் அளப்பார்கள்.

எங்கள் காரில் இருப்பது 1098 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் தொடங்கி, 2000ஆம் ஆண்டு வரை மினி காரில் ஓடிய குடும்பம் இது. இதன் மூலக் காம்சாஃப்ட்டில் உள்ளெடுப்பு வால்வு, பிஸ்ரன் உச்சிக்கு வர 5 பாகை இருக்கும்போது திறந்து, அடிக்கு வந்து 45 பாகை கழித்து மூடும். நடுவிலுள்ள 180ஐயும் சேர்த்தால் 230 பாகை. இங்கிலாந்தில் இந்த எஞ்சினுக்கு விற்கப்படும் வேகக் காம்சாஃப்ட்டுகள் 266, 276, 286 என்று பாகைக் கணக்கிலேயே அழைக்கப்படுகின்றன.

பாகை கூடினால் என்ன நடக்கும்?

அதிக சுற்றில் காற்று உள்ளே வரக் கிடைக்கும் நேரம் குறைவு. வால்வு கூடுதல் நேரம் திறந்திருந்தால் சிலிண்டர் நன்றாக நிரம்பும், வலு கூடும். ஆனால் குறைந்த சுற்றில் அதே காம்சாஃப்ட் எதிராக வேலை செய்யும். உள்ளெடுப்பு வால்வு பிந்தி மூடுவதால், மேலே வரும் பிஸ்ரன் உள்ளே வந்த கலவையில் கொஞ்சத்தைத் திருப்பித் தள்ளிவிடும். இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரமும் நீளும். அதனால் ஐட்லிங் குலுங்கும், இழுவை குறையும், பெற்றோல் வீணாகும்.

ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நான்கு சிலிண்டருக்கும் காற்று வர இரண்டு வாய்கள்தான். ஒன்றும் இரண்டும் ஒரு வாயைப் பங்கிடுகின்றன, மூன்றும் நான்கும் மற்றதை. பாகை கூடக்கூட ஒரு சிலிண்டர் பக்கத்துச் சிலிண்டரின் பங்கையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே வேறு எஞ்சினுக்குப் பொருந்தும் எண்ணை இதற்கு அப்படியே எடுக்க முடியாது.

ஐயா கேட்ட முதல் கேள்வி

"பிள்ளை, கார் எந்த றோட்டில ஓடப்போகுது எண்டு முதல்ல சொல்லு."

யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி, சில நாள் வவுனியா. ஏ9 வீதியில் நகரத்துக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை. இந்தக் காரின் பின் அச்சு விகிதம் 4.22. நான்காம் கியரில் 70இல் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்றுச் சுழலும். 286 பாகைக் காம்சாஃப்ட் உயிர் பெறுவதே 3,000 சுற்றைத் தாண்டித்தான். அதாவது கார் வாழ்நாள் முழுவதும் ஓடப்போகும் இடத்தில் பழையதைவிட மோசமாக ஓடும். உச்ச வலு எவ்வளவு என்பதைவிட, எந்தச் சுற்றில் எஞ்சின் அதிக நேரம் இருக்கும் என்பதே தெரிவின் அடிப்படை.

காம்சாஃப்ட் தனியே வருவதில்லை

அமுக்க விகிதம்: பாகை கூடினால் பிஸ்ரன் உண்மையில் அமுக்கும் அளவு குறைகிறது. அதை ஈடுசெய்ய விகிதத்தை உயர்த்த வேண்டும். 1098இன் மூல விகிதம் 8.5. 266 பாகைக்கு 9.5 அளவு நல்லது. 92 ஒக்ரேன் பெற்றோலில் அதற்கு மேல் போனால் எஞ்சின் தட்டத் தொடங்கும்.

வால்வு ஸ்பிறிங்: உயரமும் வேகமும் கூடும்போது பழைய ஸ்பிறிங் தாக்குப்பிடிக்காது. பிஸ்ரன் மேல் களிமண் வைத்து எஞ்சினைக் கையால் சுற்றி, வால்வுக்கும் பிஸ்ரனுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெய் பம்ப்: இந்த எஞ்சினில் பம்பைச் சுழற்றுவது காம்சாஃப்ட்டின் பின்முனைதான். அந்த இணைப்பு ஊசி, நட்சத்திரம், வெட்டு என்று மூன்று வகைப்படும். தவறான வகை வந்தால் பூட்ட முடியாது. பணம் அனுப்பச் சொல்லும் முன்னர் பழையதைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்புங்கள்.

டாப்பெட்: புதிய காம்சாஃப்ட்டுக்குப் புதிய டாப்பெட் கட்டாயம். பழையது புதிய மேட்டைச் சில மணி நேரத்திலேயே தின்றுவிடும்.

பிறேக்: மைனருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிறேக்தான். வேகத்துக்குச் செலவழிக்க முன் இதற்குச் செலவழிக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் விட்ட தடம்

ஐயா பழைய காம்சாஃப்ட்டை எடுத்து ஒவ்வொரு மேட்டையும் அளந்தார். இரண்டு மேடுகள் நன்றாகத் தேய்ந்திருந்தன. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போகும். முதலில் அடிபடுவது அழுத்தம் கூடிய இடங்கள்: காம்சாஃப்ட் மேடுகளும் டாப்பெட்டுகளும். "கார் இழுக்கேல்லை எண்டு நீங்கள் நினைக்கிறது இதாலதான்" என்றார். தடைக்காலத்தில் ஓடிய காரை வைத்திருப்பவர்கள் புதியது வாங்க முன் பழையதை அளந்து பாருங்கள். மூல அளவில் ஒரு நல்ல காம்சாஃப்ட்டே போதுமாக இருக்கலாம்.

பூட்டும்போது

டைமிங் பற்களின் புள்ளிகளை நேராக வைத்தால் மட்டும் போதாது. பாகைத் தட்டும் டயல் கேஜும் வைத்து, உள்ளெடுப்பு வால்வின் முழு உயர்வு தயாரிப்பாளர் தரும் தாளில் உள்ள பாகையில் வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். மேடுகளுக்கு அதற்கென்று விற்கும் பசையைப் பூச வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங்கில் விடக்கூடாது. 2,000 சுற்றுக்கு மேல் 20 நிமிடம் ஓட வேண்டும். குறைந்த சுற்றில் மேட்டுக்கு எண்ணெய் போதிய அளவு தெறிக்காது.

அண்ணாவுக்கு இதையெல்லாம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா 286 எண்டா ஏசியிருப்பார்" என்றார். 266 வந்தது. மிச்சப் பணத்தில் பிறேக் முழுவதையும் மாற்றினோம்.

அந்த 20 நிமிடமும் கராச் வாசலில் அயலவர்கள் கூடி நின்றார்கள். பிறகு நாவற்குழிப் பாலத்தால் ஒருமுறை போய் வந்தேன். நான்காம் கியரிலேயே ஏறி இறங்கியது. காருக்குள் இப்போது பெற்றோல் மணம் மட்டும்தான்.