கணியம்பாடிப் பெரியவர்களும் நம் கல்லூரியும்



ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய கதை நமக்கு மனப்பாடம். அந்தக் கட்டிலை விட்டு இறங்கி, நோயாளியைத் தேடி ஊருக்குள் போன கதையைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். சாலையோர மருத்துவம் அதன் ஆரம்பம். கணியம்பாடி ஒன்றியம் அதன் தொடர்ச்சி. பாகாயத்தில் உள்ள நம் சமுதாய நலத்துறையின் ‘சாட்’ மருத்துவமனையும் அந்த ஊர்களும் பல்லாண்டு காலக் கூட்டாளிகள். அந்தந்த ஊர்ப் பெண்ணே சுகாதாரப் பணியாளர். அவருக்குப் பின்னால் நர்ஸ், அப்புறம் டாக்டர். தாய் சேய் நலத்திற்காகப் போட்ட இந்தப் பாதை பெரியவர்களுக்கும் உதவியது.

உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் என்பது அன்றைய மதிப்பீடு. அவர்களைப் பற்றிய ஆய்வோ அப்போது 10 சதவீதம்கூட இருக்கவில்லை. இதையே பெயராக வைத்து எழுந்தது ‘10/66’ ஆய்வுக்குழு. அதன் இந்தியக் கிராமப்புறக் களம் நம் வேலூர். கணியம்பாடி ஒன்றியத்தில் 65 வயது கடந்த 1,000 பேரைச் சந்தித்தார்கள்.

2008-ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. அமெரிக்க அளவுகோலான டி.எஸ்.எம்.-4 படி கியூபாவில் 6.3 சதவீதம், நம் கிராமப்புறத்தில் வெறும் 0.3! நம்மூரில் மறதி நோயே இல்லையா? அப்படியில்லை. அந்த அளவுகோல், அன்றாடக் காரியங்கள் கெட்டுப்போனதா என்று வீட்டாரைக் கேட்கும். நம் வீடுகளில் தாத்தாவுக்கு வேலை எதுவும் வைப்பதில்லை. “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுவோம். படிப்பறிவு, பண்பாட்டு வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட 10/66 முறைப்படி, எல்லாக் களங்களிலும் 5.6 முதல் 11.7 சதவீதம் வரை வந்தது. நோய் இருந்தது, நம் கண்ணுக்குத்தான் படவில்லை.

சென்னை மருத்துவக் கல்லூரி வழி வேறு. அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராஜன் 1978-ல் முதியோர் புறநோயாளர் பிரிவு தொடங்கினார்; 1996-ல் அதற்கு எம்.டி. படிப்பே வந்தது. நல்லதுதான். ஆனால் நோய் என்றே தெரியாத பாட்டியை யார் ஓ.பி.க்குக் கூட்டி வருவார்கள்?

ஆகவே மாணவர்களே, கிராம முகாமுக்குப் போனால் பிரஷர் பார்ப்பதோடு எழுந்துவிடாதீர்கள். திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் பேசுங்கள், அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளிடமும், “ராத்திரி தூங்குறியாம்மா?” என்று கேளுங்கள். முதியோர் இல்லமே இல்லாத ஊரில் அவள்தான் நர்ஸ். அவளுக்குத் துணை நிற்பதும் நம் கல்லூரியின் கடமை.