நாய் முத்தமும் ஐஸ்லாந்தும்

நாய்ப்பிரியர்கள் சண்டைக்கு வராம கடைசி வரைக்கும் படிங்க மக்களே :)

19-ம் நூற்றாண்டு ஐஸ்லாந்துல ஆடு மேய்க்கவும் நாய்தான், வீட்டுக்குள்ள கூடவே கிடக்குறதும் நாய்தான். அங்க ஏகப்பட்ட பேருக்கு ஈரல்ல நீர்க்கட்டி வந்துச்சு. 1863-ல டென்மார்க்ல இருந்து ஹரால்ட் கிராப்பேங்கிற ஆய்வாளர் போனார். 100 நாய்களை அறுத்துப் பார்த்ததுல 28 நாய்களோட குடல்ல எக்கினோகாக்கஸ்ங்கிற குட்டியூண்டு நாடாப்புழு!

விஷயம் இதுதான். ஆட்டை அறுத்துட்டு, கட்டி இருக்குற ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடுவாங்க. நாயோட குடல்ல புழு வளரும், முட்டை மலத்தோட வெளிய வரும். நாய் பின்பக்கத்தை நக்கிட்டு அதே நாக்கால ரோமத்தையும் நம்ம மூஞ்சியையும் நக்கும். முட்டை நம்ம வாய்க்குள்ள போகும். பல வருஷம் கழிச்சுதான் கட்டி வெளிய தெரியும். புல்லுல விழுந்த முட்டையைத் தின்ன ஆட்டுக்கும் இதே கதிதான்.

கிராப்பே என்ன செஞ்சார் தெரியுமா? இதையெல்லாம் எளிமையா எழுதி ஒரு சின்னப் புத்தகமாக்கினார். 1864-ல அதை வீடு வீடா இலவசமா கொடுத்தாங்க. படிக்கத் தெரிஞ்ச ஜனங்க, படிச்சு நடந்துக்கிட்டாங்க. 1890-ல நாய்களுக்குப் புழு மருந்து கொடுக்கணும்னு சட்டமும் வந்துச்சு. நோய் படிப்படியா ஒழிஞ்சே போச்சு.

ஆனா பயம் லேசுல போகலை. தலைநகர் ரெய்க்யவிக்ல 1924-ல நாய் வளர்க்கவே தடை போட்டாங்க. அதைத் தளர்த்துனது 1984-லதான்!

என்னைக் கேட்டா, தப்பு நாய் மேலயும் இல்ல, பாசத்து மேலயும் இல்ல. நாய்க்குப் பச்சை ஈரலைத் தூக்கிப் போட்ட மனுஷன் மேலதான். தாராளமா கொஞ்சுங்க. புழு மருந்தையும் சோப்பையும் மட்டும் மறந்துடாதீங்க. நீங்க என்ன சொல்றீங்க?